மெஷ்ஷுக்குள் ஓடும் அலை: தகைவலைக் கணக்கீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃகுக் கம்பியின் ஒரு முனையில் தட்டினால், அந்தத் தட்டு மறுமுனைக்கு உடனே போய்ச் சேர்வதில்லை. மீட்டருக்குச் சுமார் 193 மைக்ரோ விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் நடப்பதைக் கணினியில் பார்க்க ஃபைனைட் எலிமென்ட் முறையைக் கையில் எடுப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். பொருளை எலிமென்ட் என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போடும் முறை அது; அந்தத் துண்டுகளின் வலைதான் மெஷ். பாலம், பிராக்கெட் என்று நிலையான சுமைக்கு மெஷ் போட்டுப் பழகியவர்கள் முதல்முறை மோதல் கணக்குக்கு வரும்போது கேட்கும் கேள்விகள்தான் பெரும்பாலும் இதில் இருக்கின்றன.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: ஹாப்கின்சன் கம்பி. 1914-இல் பெர்ட்ரம் ஹாப்கின்சன் தொடங்கிவைத்த சோதனை இது. 1949-இல் கோல்ஸ்கி கம்பியை இரண்டாக்கி, நடுவில் மாதிரியை வைத்துச் சோதிக்கும் இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். நாம் அதன் முதல் கம்பியை மட்டும் பார்ப்போம். எஃகு, விட்டம் 20 மி.மீ., நீளம் 1.5 மீட்டர். அதே எஃகில், அதே விட்டத்தில் 200 மி.மீ. நீளமுள்ள மோதுகம்பி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. யங் குணகம் 210 ஜிகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ, பாய்சான் விகிதம் (நீளவாக்கில் அமுங்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு விரிகிறது என்பது) 0.3.

கணினியைத் தொடும் முன் கையால் என்ன கணக்குப் போட வேண்டும்?

மூன்று எண்கள். யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கம்பியில் அலையின் வேகம்: விநாடிக்கு 5172 மீட்டர். அடர்த்தி, அலை வேகம், மோதும் வேகம் மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை: 203 மெகாபாஸ்கல். மோதுகம்பியின் நீளத்தை இரட்டித்து அலை வேகத்தால் வகுத்தால் மோதல் கிளப்பும் அலைத் துடிப்பின் நேரம்: 77 மைக்ரோ விநாடி. கம்பியின் நடுவில் ஸ்ட்ரெயின் கேஜ் (பரப்பு நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் உணரி) ஒட்டியிருந்தால் அலை அங்கே 145-ஆவது மைக்ரோ விநாடியில் வந்து சேரும். கடைசி முனையில் பட்டுத் திரும்பும் அலை 435-இல் வரும்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கணினி தரும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதை நம்ப வேண்டாம்.

நிலையான சுமைக்கு நன்றாக வேலை செய்த மெஷ் அலைக்கு ஏன் ஒத்துவருவதில்லை?

நிலையான சுமையில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தகைவு குவியும் இடத்தில் மெஷ்ஷைப் பொடியாக்குவோம், மற்ற இடங்களில் பெரிதாக விட்டுவிடுவோம். அங்கே அது சரி. துளை ஓரத்தில் இருக்கும் தகைவு துளை ஓரத்திலேயேதான் இருக்கும்.

அலை அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்த நொடி இங்கே இருக்கும் செங்குத்தான முகப்பு அடுத்த நொடி இன்னோர் இடத்துக்குப் போய்விடும். போகிற வழி முழுவதும் அதற்கு ஒரே தரமான பாதை வேண்டும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. கணக்கில் அலை எஃகில் ஓடுவதில்லை, மெஷ்ஷில்தான் ஓடுகிறது. எலிமென்ட்டுகள் ஒன்றோடொன்று சேரும் புள்ளிகளான கணுக்களில் நிறை, கணுக்களுக்கு நடுவே விறைப்பு என்று கோத்த ஒரு சங்கிலி அது. அந்தச் சங்கிலிக்கென்று ஒரு அலை வேகம் உண்டு. அதைத் தாண்டி எதையும் கடத்தாத ஒரு உச்ச அதிர்வெண் உண்டு. எலிமென்ட் அளவு மாறும் இடத்தில் எதிரொலிக்கும் குணமும் உண்டு. எலிமென்ட் போதுமான அளவு சிறியதாக இருக்கும்வரைதான் இந்தச் சங்கிலி எஃகைப் போல நடந்துகொள்ளும். மெஷ்ஷையும் ஒரு பொருளாகப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கீழே வரும் எல்லாப் பதில்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒரு அலைநீளத்துக்கு எத்தனை எலிமென்ட் போட வேண்டும்?

எட்டிலிருந்து பத்து என்பார்கள். 1973-இல் குலெமேயரும் லைஸ்மரும் எழுதிய கட்டுரையை இதற்கு ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். விதி தவறில்லை. ஆனால் அலை எவ்வளவு தூரம் ஓடப்போகிறது என்பதை மறந்துவிட்டு அதைப் பிடித்துக்கொள்வது ஆபத்து.

கணக்கைப் பாருங்கள். நேரியல் எலிமென்ட், நிறை முழுவதும் கணுக்களில் தொகுக்கப்பட்டிருக்கிறது, கால அடி (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) மிகச் சிறியது என்று வைத்துக்கொள்வோம். அலைநீளத்துக்கு 10 எலிமென்ட் இருந்தால் அலையின் முகடு நகரும் வேகம் 1.6 சதவீதம் குறையும். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் துடிப்பு என்பது பல அலைகளின் தொகுப்பு. அது நகர்வது தொகுதி வேகத்தில். அந்த வேகத்தில் பிழை மூன்று மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 4.9 சதவீதம். 10 அலைநீளம் ஓடி முடிக்கும்போது அந்தக் கூறு ஏறக்குறைய அரை அலைநீளம் பின்தங்கியிருக்கும். அப்புறம் அந்தப் பதிலை வைத்து என்ன செய்வது?

20 எலிமென்ட் போட்டால் தொகுதி வேகப் பிழை 1.2 சதவீதமாக இறங்கும். எலிமென்ட் அளவைப் பாதியாக்கினால் பிழை கால் பங்காகும் என்பதுதான் கணக்கு. ஓடும் தூரம் நான்கு மடங்கானால், அதே துல்லியத்துக்கு மெஷ் இரண்டு மடங்கு பொடியாக வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. சில அலைநீளம் மட்டும் ஓடும் கணக்குக்கு 10 போதும். ஹாப்கின்சன் கம்பி மாதிரி நீண்ட பாதைக்கு 20-க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

எந்த அலைநீளம்? என் துடிப்பில் ஒரே அதிர்வெண்ணா இருக்கிறது?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். துடிப்பு 77 மைக்ரோ விநாடி, நீளம் 400 மி.மீ., எனவே 20 மி.மீ. எலிமென்ட் போதும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். துடிப்பின் நீளத்தைப் பார்க்கக் கூடாது. அதன் ஏற்ற நேரத்தை, அதாவது பூச்சியத்திலிருந்து உச்சத்துக்கு ஏற அது எடுக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

0.35-ஐ ஏற்ற நேரத்தால் வகுத்தால் கவனிக்க வேண்டிய உயர்ந்த அதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும். ஏற்ற நேரம் 10 மைக்ரோ விநாடி என்றால் 35 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 148 மி.மீ., 20 எலிமென்ட்டுக்கு அளவு 7.4 மி.மீ. அதே ஏற்றம் 2 மைக்ரோ விநாடியில் நடந்தால் 175 கிலோஹெர்ட்ஸ், அலைநீளம் 30 மி.மீ., எலிமென்ட் 1.5 மி.மீ. துடிப்பின் நீளம் இரண்டிலும் ஒன்றுதான். மெஷ் மட்டும் ஐந்து மடங்கு மாறிவிட்டது.

சுமையை ஒரே கால அடியில் பூச்சியத்திலிருந்து உச்சத்துக்குத் தூக்கினால் அதில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். அதை முழுதாகக் கடத்தும் மெஷ் உலகத்திலேயே கிடையாது. உண்மையான மோதலில் ஏற்ற நேரம் எவ்வளவு என்று யோசித்து அதைக் கொடுங்கள்.

இன்னொன்று: கெட்டியான பெரிய பொருளில் நெட்டலை (ஓடும் திசையிலேயே பொருள் அசைவது), குறுக்கலை (ஓடும் திசைக்குக் குறுக்கே அசைவது) இரண்டும் ஓடும். மேலே சொன்ன எஃகில் நெட்டலையின் வேகம் விநாடிக்கு 6000 மீட்டர், குறுக்கலையின் வேகம் 3208 மீட்டர். அதிர்வெண் ஒன்றாக இருந்தால் குறுக்கலையின் அலைநீளம்தான் குட்டை. எனவே மெஷ் அளவை முடிவு செய்வது மெதுவாக ஓடும் அலை. 1 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் சோதனைக்குக் குறுக்கலை 3.2 மி.மீ.தான். 20 எலிமென்ட் வேண்டுமென்றால் 0.16 மி.மீ. 100 × 100 × 50 மி.மீ. கட்டி ஒன்றை அப்படி மெஷ் செய்தால் 12 கோடி எலிமென்ட்டுக்கு மேல் வரும்.

கால அடியைக் குறைத்தால் துல்லியம் கூடும்தானே?

நேரடி முறையில் (முந்தைய கால அடியின் நிலையிலிருந்து அடுத்ததை நேரே கணக்கிடும் explicit முறை), தொகுத்த நிறையோடு, பெரும்பாலும் கூடாது. குறையக்கூடச் செய்யும். முதலில் கேட்கும்போது எனக்கும் நம்பக் கடினமாகத்தான் இருந்தது.

கூரான்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-இல் சொன்ன நிபந்தனை எல்லோருக்கும் தெரியும்: அலை ஒரு எலிமென்ட்டைக் கடக்க எடுக்கும் நேரத்தைவிடக் கால அடி பெரிதாக இருக்கக் கூடாது. அதிகம் பேசப்படாத செய்தி, அந்த எல்லையிலேயே கால அடியை வைத்தால் ஒரு பரிமாணச் சீரான மெஷ்ஷில் பதில் முழுக்கச் சரியாக வருகிறது என்பது. நிறையைத் தொகுப்பது அலையை மெதுவாக்குகிறது, கால அடிகளில் முன்னேறப் பயன்படுத்தும் மைய வேறுபாட்டு முறை அதை வேகமாக்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கால அடியைக் குறைக்கக் குறைக்க இந்த ஈடுகட்டல் கரைந்துபோகிறது.

நம் கம்பிக்கு இது எப்படிப் பொருந்தும்? அச்சுச் சமச்சீர் மாதிரியில் (உருளையை முழுதாகப் போடாமல் அச்சிலிருந்து மேற்பரப்புவரை ஒரு வெட்டுமுகத்தை மட்டும் போடுவது) நீளவாக்கில் 7.5 மி.மீ., ஆரவாக்கில் 1 மி.மீ. என்று எலிமென்ட் போடுகிறீர்கள். கால அடியை முடிவு செய்வது அந்த 1 மி.மீ. 6000-ஆல் வகுத்து 0.9 பாதுகாப்புக் காரணியும் சேர்த்தால் 0.15 மைக்ரோ விநாடி. நீளவாக்கில் அலை ஒரு எலிமென்ட்டைக் கடக்க 1.45 மைக்ரோ விநாடி ஆகும். கால அடி அதில் பத்தில் ஒரு பங்கு. ஈடுகட்டல் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அதற்குப் பதில் 1 மி.மீ. சதுர எலிமென்ட் போட்டால், கால அடி கடக்கும் நேரத்தில் 78 சதவீதம். மொத்தம் 15,000 எலிமென்ட்தான், சாதாரண மடிக்கணினியே தாங்கும். அலைக் கணக்கில் சதுரத்துக்கு நெருக்கமான, ஒரே அளவான எலிமென்ட்டுகளை நான் இவ்வளவு வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

எங்கோ மூலையில் 0.1 மி.மீ. எலிமென்ட் ஒன்று தவறி விழுந்திருந்தாலும் அது மாதிரி முழுவதன் கால அடியையும் பத்தில் ஒன்றாக்கிவிடும். நேரமும் போகும், துல்லியமும் போகும்.

நிறையைச் செயற்கையாகக் கூட்டிக் கால அடியைப் பெரிதாக்கலாமா?

வேண்டாம். அலை வேகமே அடர்த்தியிலிருந்துதான் வருகிறது. மெதுவான தகடு வளைப்புக் கணக்குக்கு உதவும் உத்தி அது, இங்கே பதிலையே மாற்றிவிடும்.

பொடி மெஷ்ஷிலிருந்து பெரிய மெஷ்ஷுக்கு மாறும் இடத்தில் என்ன நடக்கிறது?

எதிரொலி. பொருள் ஒன்றுதான், வடிவத்தில் மாற்றமில்லை, ஆனாலும் அலையின் ஒரு பகுதி திரும்பி வரும். 1978-இல் பஜாந்த் இந்தப் பொய்ப் பிரதிபலிப்பைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் உச்ச அதிர்வெண் உண்டு என்றேன் அல்லவா? தொகுத்த நிறையுள்ள கம்பி எலிமென்ட்டுக்கு, அலை வேகத்தை எலிமென்ட் நீளத்தாலும் 3.14-ஆலும் வகுத்தால் அது கிடைக்கும். 2 மி.மீ. எலிமென்ட்டுக்கு 823 கிலோஹெர்ட்ஸ், 10 மி.மீ. எலிமென்ட்டுக்கு 165 கிலோஹெர்ட்ஸ். 2 மி.மீ. பகுதியில் 300 கிலோஹெர்ட்ஸ் கூறு ஒன்று ஓடிவருகிறது என்று வையுங்கள். 10 மி.மீ. பகுதிக்குள் அதனால் நுழையவே முடியாது. மொத்தமாகத் திரும்பிவிடும். பிறகு பொடி மெஷ்ஷுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அங்கும் இங்கும் மோதிக்கொண்டிருக்கும். உச்சத்துக்குக் கீழே உள்ள அதிர்வெண்களும் ஓரளவு திரும்பும், அலைநீளம் கூடக் கூட அது குறையும்.

இது வெறும் இரைச்சல் என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். விரிசலைத் தேடும் கணக்கில் இது விரிசலின் வேடத்தில் வந்து நிற்கும். நான் ஒருமுறை கம்பி மாதிரி ஒன்றில், மோதிய 116 மைக்ரோ விநாடிக்குப் பிறகு வந்த சிறிய எதிரொலி ஒன்றுக்கு ஒரு வாரம் காரணம் தேடினேன். 116-ஐ 5172-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 300 மி.மீ. கம்பியில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. மெஷ் மட்டும் அங்கே 1 மி.மீ.-இலிருந்து 5 மி.மீ.க்குத் தாவியிருந்தது. மாறும் இடத்தை 100 மி.மீ. தள்ளிவைத்து மறுபடி ஓட்டினேன். எதிரொலியும் 39 மைக்ரோ விநாடி தள்ளிப் போனது. அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை.

சந்தேகமான எதிரொலி எதற்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். வந்த நேரத்தை இடமாக மாற்றுங்கள். அங்கே வடிவமும் பொருளும் மாறாமல் மெஷ் மட்டும் மாறியிருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

படிப்படியாகப் பெரிதாக்கினால் போதாதா என்றால், உதவும். அடுத்தடுத்த எலிமென்ட்டுகளுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் நான் கூட்டுவதில்லை. ஆனால் உச்ச அதிர்வெண் பிரச்சினையை அது தீர்க்காது. உயர்ந்த அதிர்வெண் கூறு போகும் வழியில், தன்னைத் தாங்காத அளவுக்கு எலிமென்ட் பெரிதான இடத்தில் திரும்பும், அவ்வளவுதான். பெரிய எலிமென்ட்டும் உங்கள் துடிப்பின் உயர்ந்த அதிர்வெண்ணைத் தாங்க வேண்டும் என்பதே அடிப்படை.

அலை முகப்புக்குப் பின்னால் நெளிநெளியாக வருகிறதே, அது உண்மையா, மெஷ் செய்யும் வேலையா?

இரண்டும் இருக்கலாம். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான கேள்வி இதுதான்.

உண்மையான கம்பியிலும் நெளிவு வரும். கம்பி நீளவாக்கில் அமுங்கும்போது பக்கவாட்டில் விரிகிறது. அந்தப் பக்கவாட்டு அசைவுக்கும் நிறை உண்டு. அதனால் குட்டை அலைகள் மெதுவாகவும் நீண்ட அலைகள் வேகமாகவும் ஓடும், துடிப்பு வழியில் பிரிந்துபோகும். 1876-இல் பொக்ஹாமரும் 1889-இல் க்ரீயும் தனித்தனியே இதற்குச் சமன்பாடு கண்டார்கள். ஸ்ட்ரெயின் கேஜ் பதிவில் தட்டையான உச்சியின் மேல் தெரியும் நெளிவுகள் பெரும்பாலும் இவைதான்.

மெஷ்ஷும் அதே மாதிரிதான் செய்கிறது. தொகுத்த நிறையும் குட்டை அலைகளைத்தான் மெதுவாக்குகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது பெரிது? 20 மி.மீ. கம்பியில் 100 மி.மீ. அலைநீளத்துக்கு உண்மையான வேகக் குறைவு சுமார் 0.9 சதவீதம். 10 மி.மீ. எலிமென்ட் போட்டால் மெஷ் தரும் குறைவு 1.6 சதவீதம். நாம் பார்க்க வந்த விஷயத்தைவிட நம் கருவியின் பிழை பெரிது! 2.5 மி.மீ.க்கு இறங்கினால் மெஷ் பிழை 0.1 சதவீதம், அப்போதுதான் இயற்பியல் கண்ணுக்குத் தெரியும்.

பிரித்துப் பார்க்க இரண்டு வழி. முதல் வழி, மெஷ்ஷைப் பாதியாக்குவது. நெளிவின் இடைவெளி மெஷ்ஷோடு சேர்ந்து சுருங்கினால் அது மெஷ்ஷின் நெளிவு. மாறாமல் நின்றால் கம்பியின் நெளிவு. இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: பாய்சான் விகிதத்தைப் பூச்சியமாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். பக்கவாட்டு விரிவே இல்லாததால் உண்மையான பிரிவு முழுவதும் மறைந்துவிடும். மிச்சம் இருக்கும் நெளிவு அனைத்தும் கணக்கு முறையினுடையது.

நெளிவை அமுக்க மென்பொருள்களில் செயற்கைப் பாகுத்தன்மை உண்டு. நாய்மானும் ரிக்ட்மையரும் 1950-இல் அதிர்ச்சி அலைக்காகக் கொண்டுவந்த உத்தி. எல்எஸ்-டைனாவிலும் ஏபகஸிலும் அதன் நேரியல் கெழு சொல்லாமலே 0.06 ஆக இருக்கும். வளைவு வழவழப்பாகத் தெரியும்வரை அதை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். முகப்பு மழுங்கிவிடும், உண்மை நெளிவும் சேர்ந்து போய்விடும்.

எந்த வகை எலிமென்ட்?

கம்பி, தகடு, கட்டி எதுவானாலும் முடிந்தவரை நாற்கோணம் அல்லது எட்டுக் கணுச் செங்கல், வரிசையாக. நேரியல் நான்முகி வேண்டாம். அது தேவைக்கு மேல் விறைப்பு, ஒழுங்கற்ற அடுக்கில் அலையைக் கண்டபடி சிதறடிக்கும்.

எட்டுக் கணுச் செங்கலில் ஒற்றைப் புள்ளித் தொகையீடு (எலிமென்ட்டின் நடுப்புள்ளியில் மட்டும் தகைவைக் கணக்கிடுவது) வேகமானது, ஆனால் ஹவர்கிளாஸ் என்னும் ஆற்றலில்லா நெளிவை அனுமதிக்கும். ஃப்ளனகனும் பெலிட்ச்கோவும் 1981-இல் தந்த கட்டுப்பாடு அதற்குப் பதில். ஓட்டி முடித்ததும் ஹவர்கிளாஸ் ஆற்றலைப் பாருங்கள். மொத்தத்தில் சில சதவீதத்தைத் தாண்டினால் மெஷ்ஷையோ சுமையையோ திருத்த வேண்டும். ஒரே கணுவில் புள்ளிச் சுமை கொடுப்பது இதைக் கிளப்பிவிடும் சுலபமான வழி.

இருபடி எலிமென்ட் இன்னும் துல்லியம்தானே என்பார்கள். நேரடி முறைக்கு நிறையைத் தொகுக்க வேண்டும். எட்டுக் கணு நாற்கோணத்தில் வரிசைக் கூட்டல் முறையில் தொகுத்தால் மூலைக் கணுக்களுக்கு எதிர்மறை நிறை வந்துவிடுகிறது. அதனால் அது அப்படியே உதவாது. உயர்படி வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரல் எலிமென்ட் பக்கம் போகலாம். பதேரா 1984-இல் பாய்ம ஓட்டத்துக்காக முன்வைத்தது, பிறகு நிலநடுக்க அலைக் கணக்குகளில் வேரூன்றியது. அதில் அலைநீளத்துக்குச் சுமார் 5 கணுக்களே நல்ல பதில் தருகின்றன. மேலே சொன்ன 12 கோடி எலிமென்ட் கட்டிக்கு அதுதான் வழி.

மோதுகம்பியும் கம்பியும் தொடும் இடத்தில் மெஷ் எப்படி இருக்க வேண்டும்?

இரண்டு பக்கமும் கணுக்கள் நேருக்கு நேர், அளவும் ஒன்று. தொடுகை விறைப்பு குறைவாக இருந்தால் நடுவில் ஒரு ஸ்பிரிங் வைத்ததுபோல ஏற்ற நேரம் நீளும். கூடினால் சலசலக்கும். 203 மெகாபாஸ்கலும் 77 மைக்ரோ விநாடியும் வருகிறதா என்று பார்த்துச் சரிசெய்யலாம்.

தரை போல முடிவே இல்லாத பொருளை எங்கே வெட்டி நிறுத்துவது?

எல்லையில் அலையை விழுங்கும் ஏற்பாடு வேண்டும். 1969-இல் லைஸ்மரும் குலெமேயரும் சொன்ன டாஷ்பாட் (அசைவின் வேகத்துக்கு ஏற்ப எதிர்க்கும் தணிப்பான்) எல்லை எளிது. ஒரு சதுர மீட்டருக்கு அடர்த்தி × அலை வேகம் அளவு தணிப்பு. நேராக வரும் அலையை அது முழுதாக விழுங்கும், சாய்ந்து வருவதை ஓரளவுதான். வெறுமனே எலிமென்ட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போய் அலை அங்கே செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். சாகாது, மேலே சொன்னபடி திரும்பி வரும். கணினி தாங்குமென்றால் மாதிரியை நீட்டி, எதிரொலி வருவதற்குள் கணக்கை முடித்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. நம் கம்பியில் 145-க்கும் 435-க்கும் நடுவே கேஜுக்குச் சுத்தமான நேரம் இருப்பதும் அப்படித்தான்.

மெஷ் போதும் என்று எப்போது சொல்லலாம்?

உச்சத் தகைவு மாறாமல் நின்றுவிட்டது என்பது போதாது. துடிப்பின் தட்டையான உச்சி மோசமான மெஷ்ஷிலும் 203-ஐக் காட்டிவிடும். வந்து சேரும் நேரம், ஏற்ற நேரம், நெளிவின் இடைவெளி மூன்றையும் பாருங்கள். மெஷ்ஷைப் பாதியாக்கி, இரண்டு வளைவுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்து முகப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். முப்பரிமாணத்தில் பாதியாக்குவது என்றால் எலிமென்ட் 8 மடங்கு, கால அடிகள் 2 மடங்கு, செலவு 16 மடங்கு. அதனால் இந்தச் சோதனையை அச்சுச் சமச்சீர் மாதிரியிலோ ஒரு சிறு துண்டிலோ முதலில் முடித்துவிடுவது நல்லது.

பதிவு இடைவெளியையும் மறக்க வேண்டாம். கணக்கு 0.15 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை ஓடியிருக்கும், நீங்கள் 5 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை சேமித்திருப்பீர்கள். 2 மைக்ரோ விநாடி ஏற்றம் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலேயே நடந்து முடிந்திருக்கும். மெஷ்ஷைக் குறை சொல்வதற்கு முன் கேஜ் இருக்கும் எலிமென்ட்டுக்கு மட்டுமாவது 0.2 மைக்ரோ விநாடிக்கு ஒரு பதிவு கேட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.